சைக்கிள் வைத்த வீடு

சினிமாவுக்குப் போகிற செலவில் என் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது டிக்கெட் காசு அல்ல, சைக்கிள் ஸ்டாண்டுக்குக் கொடுத்த காசுதான். நாலணா டிக்கெட்டுக்கு மூன்று மணி நேரம் ஆட்டம், பாட்டு, அழுகை எல்லாம் காட்டுகிறார்கள். அது நியாயம். வெயிலில் சைக்கிளை நிறுத்தி வைக்க எதற்குக் காசு? வெயில் என்ன இவன் வீட்டுச் சொத்தா? இதை நான் அந்த நாளில் கேட்காத ஆள் கிடையாது. என்னோடு வேலை பார்த்த வாத்தியார்கள் நான் வாயைத் திறந்தாலே, "ஆரம்பிச்சிட்டார்யா" என்று எழுந்து போய்விடுவார்கள்.

ஜப்பான்காரனோடு சண்டை நடந்த காலம் அது. மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு வாத்தியார். எங்களுடையது தலைமுறை தலைமுறையாகச் சாந்தோமில் இருந்த கிறிஸ்தவக் குடும்பம். அப்பா காலத்தில் வாடகை குறைவு என்று அடையாறுக்குப் போய்விட்டோம். அடையாறு அப்போது தோப்பும் மணலுமாகக் கிடந்தது. பஸ் எப்போது வரும் என்று அதன் டிரைவருக்கே தெரியாது. சைக்கிள் இல்லாவிட்டால் எனக்குக் கை காலே இல்லாத மாதிரிதான். அந்தச் சைக்கிளுக்கோ புது டயர் வாங்க பர்மிட் வேண்டும். டியூபில் ரப்பரைவிட ஒட்டுப் போட்ட இடம்தான் அதிகம். இருட்டினால் விளக்கில்லாமல் போகக்கூடாது, விளக்கு இருந்தாலும் வெளிச்சம் மேலே தெரியக்கூடாது என்று பாதிக் கண்ணாடிக்குக் கறுப்புப் பூசச் சொல்லியிருந்தார்கள். அதில் ஊற்ற மண்ணெண்ணெயும் கிடையாது. அதனால் நான் போனதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மத்தியான ஆட்டம். காலையில் சாந்தோம் கோயிலில் பூசை, மத்தியானம் சினிமா. சாமியார் சினிமாவைத் திட்டிப் பிரசங்கம் வைத்த ஞாயிற்றுக்கிழமையும் போயிருக்கிறேன்.

மயிலாப்பூர்க் கொட்டகையில் சைக்கிள் ஸ்டாண்டு என்பது மூங்கில் தட்டியால் மறைத்த ஒரு பொட்டல். உள்ளே நூறு சைக்கிளை இடுப்போடு இடுப்பு இடிக்கிற மாதிரி நெருக்கி நிறுத்தியிருப்பார்கள். ஒன்றைத் தொட்டால் வரிசையே சரியும். குத்தகை எடுத்தவர் ஒரு முரட்டு ஆள். காதில் பீடி, இடுப்பில் தோல் பை. எண் போட்ட தகர வில்லை ஒன்றை ஹேண்டில்பாரில் மாட்டிவிட்டு, அதே எண் போட்ட இன்னொன்றை நம் கையில் தருவார். அதைத் தொலைத்தால் கொட்டகையே காலியாகிக் கடைசிச் சைக்கிளாக நம்முடையது நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். அரையணாவாக இருந்த கட்டணத்தை ஒருநாள் ஓரணா ஆக்கிவிட்டார். நான் சண்டைக்குப் போனேன்.

"இன்னா சார், ஓரணாவுக்கு இப்டி ரோதனை பண்றே? சண்டை நடந்துகினு கீது. அரிசி ஏறிப்பூட்ச்சி, துணி ஏறிப்பூட்ச்சி. ஸ்டாண்டு மட்டும் ஏறக்கூடாதா?" என்றார்.

பின்னால் வரிசையில் நின்றவர்கள் என்னைத்தான் திட்டினார்கள். கொடுத்துத் தொலைத்தேன். படம் முடிந்து வந்து பார்த்தால் பின் சக்கரத்தில் காற்றே இல்லை. வால்வையே எவனோ பிடுங்கிக்கொண்டு போய்விட்டான். எனக்குத் தலைக்கேறிவிட்டது. ஸ்டாண்டுக்காரரோ அசையவில்லை.

"சைக்கிள் கீதா? கீது. வில்லை குட்த்தியா? குட்த்தே. அத்தோட நம்ப ஜோலி முடிஞ்சிது. காத்துக்கெல்லாம் நான் ஜவாப்தாரி இல்ல சார்."

அன்றைக்கு மயிலாப்பூரிலிருந்து அடையாறு வரைக்கும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். பாலத்தின் மேல் வரும்போது, இனி அந்த ஆளிடம் ஒரு தம்பிடி கொடுத்தால் என்னை என்னவென்று கேள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது, முழுக்க நனைந்துபோய்தான் வீடு சேர்ந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு மூளை வேலை செய்தது. கொட்டகைக்குப் பின்பக்கச் சந்தில், கூப்பிடு தூரத்தில், என் அத்தை வீடு இருந்தது. அப்பாவின் ஒரே தங்கை. மாமா தபாலாபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் அவர்கள் இரண்டே பேர். வாசலைத் தாண்டினால் ஒரு நீள நடை; அதில் சைக்கிளைச் சாய்த்து வைத்தால் யார் கேட்கப் போகிறார்கள்? இத்தனை நாள் இது தோன்றாமல் ஓரணா ஓரணாவாக அழுதேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

"வாடா, வழி தெரிஞ்சுதா?" என்றாள் அத்தை. சைக்கிள் வைக்க வந்தேன் என்று சொன்னதும் சிரித்துவிட்டாள். "அத்தையப் பாக்க வரல, சைக்கிளுக்கு நெழல் தேடி வந்திருக்கே. வை, வை. அவன் சைக்கிள் நின்ன எடம்தான் அது."

அவன் என்றது அத்தை பிள்ளையை. அவர்களுக்கு ஒரே பிள்ளை. எனக்கும் அவனுக்கும் ஒரே வயது. மச்சான் மச்சான் என்று ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொண்டு சாந்தோம் கடற்கரை முழுக்கச் சுற்றியவர்கள் நாங்கள். ரங்கூனில் ஒரு மரக் கம்பெனியில் கணக்கெழுத வேலை கிடைத்துக் கப்பல் ஏறினான். ரங்கூனில் குண்டு விழுந்த பிறகு கடிதம் நின்றுபோயிற்று. அங்கிருந்து காட்டு வழியாக நடந்தே கிளம்பியவர்களில் எத்தனையோ பேர் ஊர் வந்து சேர்ந்தார்கள். இவன் கிளம்பினானா, அங்கேயே தங்கிவிட்டானா, ஜப்பான்காரனிடம் மாட்டிக்கொண்டானா, ஒன்றும் தெரியவில்லை. அந்த வீட்டில் அதைப் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை. "அவன் வந்ததும்" என்று மட்டும் பேசுவார்கள். அவன் வந்ததும் வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும், அவன் வந்ததும் பெண் பார்க்க வேண்டும் என்று.

ஓசியில் சைக்கிள் வைப்பது என்று நான் நினைத்தது எவ்வளவு பெரிய தப்பு என்று இரண்டு மூன்று வாரத்தில் புரிந்துவிட்டது. ஸ்டாண்டில் ஓரணாவை விட்டெறிந்தால் தீர்ந்தது. அத்தை வீட்டில் அப்படியா? வைத்தேன், போனேன் என்று நடந்துவிட முடியுமா? உட்கார வேண்டும். சர்க்கரை ரேஷன் என்பதால் வெல்லம் போட்ட காப்பியைக் குடிக்க வேண்டும். மாமா பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, எந்த நாட்டுப் படை எந்த ஆற்றைத் தாண்டியது என்று விரலால் காட்டுவார். "இப்டி வந்து இப்டி வளைச்சான்னா, மாப்ளே, ரங்கூன் நம்ம கைக்கு வந்துடும்" என்பார். அவர் வளைத்து முடிப்பதற்குள் கொட்டகையில் மணி அடித்துவிடும். போதாததற்கு அத்தை, "சும்மாதானே வரப்போறே, வர்ற வழியில ஊரூர் குப்பத்துல சங்கரா மீன் கெடச்சா வாங்கியாடா" என்று ஆரம்பித்தாள். வழியாவது! குப்பம் ஒரு பக்கம், மயிலாப்பூர் ஒரு பக்கம். இடுப்பில் வெள்ளை வேட்டியும் ஹேண்டில்பாரில் மீனுமாக ஒரு கணக்கு வாத்தியார் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாலத்தைத் தாண்டிப் போவதை என் பையன்கள் வேடிக்கை பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை வகுப்பில் மூக்கைப் பொத்திக் காட்டினார்கள். ஓரணா மிச்சம் பிடிக்க இந்தப் பாடு.

ஒருநாள் நான் பேச்சுவாக்கில், "அத்தை, நீங்களும் வாங்களேன், நல்ல படமாம்" என்றேன். அத்தை காப்பித் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு ஆச்சரியம். சினிமா என்றால் உயிரை விடுகிற பெண்பிள்ளை அவள். ஒரே படத்தை இரண்டு தரம் பார்ப்பாள். பாட்டுப் புத்தகம் வாங்கி வந்து, பூசை நேரத்தில் செபப் புத்தகத்துக்குள் வைத்துப் படித்து என் அப்பாவிடம் வசை வாங்கியிருக்கிறாள்.

மாமா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவ நேந்துகிட்டா மாப்ளே. பையன் வந்து சேர்ற வரைக்கும் சினிமா பாக்கறதில்லன்னு மாதாவுக்கு நேர்ச்சை. நாப்பத்திரண்டுல ஈஸ்டர் முடிஞ்சு, ஜப்பான்காரன் குண்டு போடுவான்னு ஊரே பட்டணத்தைக் காலி பண்ணிக்கினு ஓடிச்சே, அப்ப நேந்துகிட்டது. இன்னிய வரைக்கும் கொட்டாய் வாசல்ல கால் வெக்கல. சாயங்காலம் பாட்டுப் போட்டா மேக்கு ஜன்னலைச் சாத்திடறா."

உள்ளிருந்து அத்தையின் குரல் வந்தது. "மெழுகுவத்தி ஏத்தறேன்னு யார் வேணா சொல்லலாம். எனக்கு எது வலிக்குமோ அதைத்தானே குடுக்கணும்?"

எனக்குச் சங்கடமாகிவிட்டது. அவள் விட்டதைப் பார்க்கத்தான் நான் வாராவாரம் அவள் வீட்டு நடையில் சைக்கிளை வைத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன். இனி வேண்டாம் என்று நினைத்தேன். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அங்கேதான் போனேன். ஓரணா இருக்கிறதே!

அன்று படம் முடிந்து சைக்கிளை எடுக்க வந்தபோது அத்தை முறத்தில் ரேஷன் அரிசியைக் கொட்டிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"கூட்டமா?" என்றாள்.

"பரவாயில்ல அத்தை."

"பொம்பளைங்க நெறைய வந்திருந்தாங்களா?"

"வந்திருந்தாங்க."

கொஞ்ச நேரம் கல் பொறுக்கினாள். பிறகு, "அழுதாங்களா?" என்றாள்.

நான் சைக்கிளை விட்டுவிட்டு உட்கார்ந்தேன். கதை தானாக வந்தது. கதாநாயகியை மாமியார் வீட்டைவிட்டு விரட்டியது வரைக்கும் சொல்லிவிட்டேன். அத்தையின் விரல் அரிசியிலேயே இருந்தது, ஆனால் ஒரு கல்லும் வெளியே வரவில்லை. உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமா, "ஏய், இது மட்டும் நேர்ச்சையில சேராதா?" என்று குரல் கொடுத்தார்.

"கண்ணால பாக்கமாட்டேன்னுதான் சொன்னேன். காதைப் பத்தி மாதாகிட்ட ஒண்ணும் பேசல," என்றாள் அத்தை. பிறகு என் பக்கம் திரும்பி, "நீ சொல்லுடா. வெரட்டினாளே, அப்போ என்ன கலர் பொடவை கட்டியிருந்தா?" என்றாள்.

படத்தில் கறுப்பும் வெளுப்பும்தான், கலர் ஏது? நான் யோசிக்கவே இல்லை. "அரக்கு" என்றேன்.

அன்றிலிருந்து ஏறக்குறைய ஒரு வருஷம் இப்படியே நடந்தது. நான் படம் பார்ப்பதே மாறிவிட்டது. முன்பெல்லாம் சண்டை வருகிற இடத்துக்காகக் காத்திருந்தவன், இப்போது யார் என்ன நகை போட்டிருக்கிறார்கள், குழந்தை எப்போது அழுதது என்றெல்லாம் கவனித்து வைத்துக்கொண்டேன். படம் மோசமாக இருந்தால் நானே திருத்தினேன். அநியாயமாகச் செத்துப்போன தாய்மார்களை இரண்டு மூன்று தரம் பிழைக்க வைத்திருக்கிறேன். அத்தை சிரிப்பாள், முந்தானையில் கண்ணைத் துடைப்பாள், வில்லனை "கட்டையில போறவன்" என்று திட்டுவாள். வகுப்பில் நாற்பது பையன்கள் முன்னால் தொண்டை கிழியக் கத்துகிறவன் நான்; ஒருவன் காது கொடுத்ததில்லை. என் பேச்சை அத்தை மாதிரிக் கேட்டவர்கள் என் வாழ்க்கையில் யாருமில்லை. உண்மையைச் சொன்னால், கடைசியில் நான் சினிமாவுக்குப் போனதே அத்தைக்குச் சொல்வதற்காகத்தான். எனக்கு அது அவ்வளவு பிடித்திருந்தது.

அப்புறம் ஒருநாள் கோயிலில் ஒரு செய்தி பரவியது. எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்த ஒரு அம்மாள். அவளுடைய மகனும் ரங்கூனில் அதே மரக் கம்பெனியில் இருந்தவன். இரண்டு வருஷத்துக்கு மேல் தகவல் இல்லாமல் இருந்து, அவன் கையால் எழுதிய ஓர் அட்டை வந்து சேர்ந்தது. ஜப்பான்காரனிடம் காவலில் இருக்கிறான், உயிரோடு இருக்கிறான். பூசை முடிந்ததும் எல்லாரும் அந்த அம்மாளைச் சூழ்ந்துகொண்டார்கள். அவளும் நேர்ந்துகொண்டவள்தான். மகன் தகவல் வரும்வரை காப்பி குடிப்பதில்லை என்று நேர்ச்சை. இரண்டு வருஷமாக ஒரு வாய் நனைக்கவில்லையாம். அத்தை கூட்டத்துக்கு வெளியே நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். என்னிடம் பேசாமல் போய்விட்டாள்.

மத்தியானம் வழக்கம்போல மீனும் சைக்கிளுமாகப் போனேன். அத்தை வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். நான் சைக்கிளைத் தூக்கப் போனபோது குறுக்கே கையை வைத்தாள்.

"இனிமே இங்க வெக்காதே."

விளையாட்டு என்று நினைத்தேன். "ஏன், நீங்களும் ஓரணா கேக்கப் போறீங்களா?" என்றேன்.

"வெளையாடல. அவ ஒழுங்கா நேர்ச்சையக் காப்பாத்தினா, அவளுக்கு அட்டை வந்துது. நான் மாதாவ ஏமாத்தினேன். கண்ணை மூடிக்கினு காதால பாத்தேன். ஒரு வருஷமா வாராவாரம் பாத்தேன். எனக்கு எப்டி வரும்?"

"என்ன அத்தை பேசறீங்க? கதை கேட்டா அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? மாதாவுக்கு வேற வேலை இல்லையா?" என்று சத்தம் போட்டேன். அத்தை கை எடுக்கவில்லை. எனக்குக் கோபம் எங்கே வரக்கூடாதோ அங்கேதான் வரும். தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்தினேன்.

"அப்போ மச்சான் வராததுக்கு நான்தான் காரணம், அப்படித்தானே? சொல்லுங்க. நான்தானே காரணம்?"

அத்தை இல்லை என்று சொல்வாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மீனைக்கூட வாங்கிக்கொள்ளவில்லை.

நான் நேரே ஸ்டாண்டுக்குப் போய் ஓரணாவை விட்டெறிந்தேன். "இன்னா சார், ரொம்ப நாளா காணோம்? இன்னாது இது, மீனா? உள்ள வெச்சா பூனை வரும் சார்" என்றார் ஸ்டாண்டுக்காரர். நீயே வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போ என்று அதையும் அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனேன். என்ன படமோ, என்ன கதையோ, ஒன்றும் மனதில் நிற்கவில்லை.

கோபம் இரண்டு நாளில் தீர்ந்துவிட்டது. மற்றது தீரவில்லை. நான் படித்தவன், பையன்களுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறவன். மயிலாப்பூரில் ஒரு பெண்பிள்ளை கதை கேட்டதற்கும் பர்மாவில் ஒருவன் உயிரோடு இருப்பதற்கும் சம்பந்தம் கிடையாது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் படுத்தால், ஒருவேளை, ஒருவேளை என்று வந்துவிடும். எல்லாம் இந்த ஓரணா மிச்சம் பிடிக்கப் போய் வந்த வினை என்று தோன்றும். நான் அங்கே சைக்கிளைக் கொண்டுபோகாமல் இருந்திருந்தால் அத்தை ஜன்னலைச் சாத்திக்கொண்டு சுத்தமாக இருந்திருப்பாள். பாவசங்கீர்த்தனத்தில் இதையும் ஒரு பாவமாகச் சொன்னேன். சாமியார் சிரித்துவிட்டார். "இது பாவமே இல்லப்பா. போ, மூணு அருள் நிறைந்த மந்திரம் சொல்லு" என்றார். சொன்னேன். மூன்று என்ன, முப்பது சொன்னேன். அது போகவில்லை.

அத்தை வீட்டுக்குப் போவதை விட்டேன். கோயிலில் பார்த்தால் தலையை ஆட்டுவேன், அவளும் ஆட்டுவாள். அதற்கு மேல் பேச்சில்லை. சினிமாவை விட்டிருக்கலாம், அதை மட்டும் விட முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஸ்டாண்டில் ஓரணா கொடுத்தேன். வாதாடவில்லை. கதாநாயகி வந்ததும், இந்தப் புடவை என்ன நிறம் என்று சொல்லலாம் என்று என்னை அறியாமல் யோசிப்பேன். பிறகு, யாருக்கு என்று நினைவு வரும்.

சண்டை முடிந்தது. பர்மாவிலும் மலாயாவிலும் மாட்டிக்கொண்டவர்கள் ஒவ்வொரு கப்பலாக வர ஆரம்பித்தார்கள். எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் வந்தார்கள். காப்பியை விட்ட அம்மாளின் மகன் எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தான். தினம் யாராவது யாரையாவது கட்டிக்கொண்டு அழுத காலம் அது. நான் மச்சான் வந்துவிடுவான் என்று ஒவ்வொரு நாளும் எதிர்பார்த்தேன். அவன் வந்துவிட்டால் எனக்கும் விடுதலை.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டாண்டில் சைக்கிளைக் கொடுக்க நின்றேன். வில்லையை வாங்கிக்கொண்டு திரும்பினால், கொட்டகை வாசலுக்குள், பெண்கள் டிக்கெட் வாங்கும் ஜன்னலுக்குப் பக்கத்து நிழலில் அத்தை நின்றுகொண்டிருந்தாள். நல்ல புடவை கட்டியிருந்தாள். கொஞ்சம் தள்ளி மாமாவும் நின்றார்.

அத்தை கொட்டகை வாசலில் கால் வைத்திருக்கிறாள் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். எனக்குக் கண்மண் தெரியவில்லை. ஓடினேன். போகிற வேகத்தில் ஒரு சைக்கிளை இடித்துவிட, வரிசையே சடசடவென்று சரிந்தது. பின்னால் ஸ்டாண்டுக்காரர் என் பரம்பரையையே இழுத்துத் திட்டியது காதில் விழுந்தது. நான் நிற்கவில்லை.

"அத்தை! மச்சான் வந்துட்டானா?" என்று அங்கிருந்தே கத்தினேன். "வந்துட்டானா அத்தை?"

டிக்கெட்டுக்கு நின்றவர்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள். அந்த வருஷம் அப்படி ஒரு கேள்வியைக் கேட்டால் எல்லாருக்கும் விஷயம் புரியும். முன்பின் தெரியாத இரண்டு மூன்று பெண்கள் அத்தையைப் பார்த்துச் சந்தோஷமாகச் சிரித்தார்கள்.

மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்துச் சுவரோரம் இழுத்துக்கொண்டு போனாள்.

"கத்தாதேடா. வெள்ளிக்கெழம கடுதாசி வந்துது," என்றாள். "அசாம் பக்கத்துல ஒரு சாமியாராம். நடந்து வந்தவங்களுக்குக் கஞ்சி ஊத்தி, செத்தவங்கள அடக்கம் பண்ணியிருக்காரு. பேரெல்லாம் ஒரு நோட்டுல எழுதி வெச்சு, இப்பதான் ஒவ்வொரு பங்குக்கா எழுதறாராம். நம்ம புள்ள பேரும் அதுல இருக்கு. காய்ச்சல்தான். உசுரு போறதுக்கு முன்னாடி அவஸ்தை பூசுதல் குடுத்தாராம். அதுவரைக்கும் நல்லது."

அவள் அழவில்லை. மூன்று நாளாக அழுது தீர்ந்துபோன முகம். நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். அத்தை கேட்கவில்லை. சொல்ல வந்ததை மறப்பதற்குள் சொல்லிவிட வேண்டும் என்கிற மாதிரி வேகமாகப் பேசினாள்.

"தேதி போட்டிருக்காரு. நாப்பத்திரண்டு தபசு காலம். ஈஸ்டருக்கு ரெண்டு வாரம் முன்னாடி. நான் நேந்துகிட்டதே ஈஸ்டர் கழிச்சுதானே? அப்பவே அவன் இல்ல. நீ மொதமொத சைக்கிள் கொண்டாந்தது அதுக்கும் அடுத்த வருஷம், மழைக்காலத்துல. நல்லா யோசிச்சுப் பாத்துட்டேன்டா. மாமாவையும் கேட்டேன். அவரும் ஆமான்னாரு."

"எதுக்கு அத்தை இதெல்லாம் இப்போ?"

"அன்னிக்கு வாசல்ல நின்னு, நான்தானே காரணம்னு கேட்டே. நான் வாயை மூடிக்கினு நின்னேன். இல்லடான்னு சொல்லியிருக்கணும், சொல்லல. உன் கதையால ஒண்ணும் இல்லடா. ஒண்ணுமே இல்ல. அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

படம் பார்க்க வரவில்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. "சொல்லி அனுப்பியிருந்தா நான் ஓடி வந்திருப்பேனே அத்தை. நீங்க ஏன் இந்த நெலமையில..."

"அடையாறு வரைக்கும் என்னால நடக்க முடியாது. ஞாயித்துக்கெழம மத்தியானம் நீ எங்க இருப்பேன்னு எனக்குத் தெரியாதா?"

உள்ளே மணி அடித்தது. கூட்டம் எங்களை இடித்துக்கொண்டு கதவுப் பக்கம் போனது. நான் அத்தனை பேர் நடுவில், என் பையன்கள் யாராவது பார்ப்பார்களே என்றுகூட நினைக்காமல், குழந்தை மாதிரி அழுதேன். அவளைத் தேற்ற வேண்டியவன் நான். அத்தை முந்தானையை எடுத்து என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.